செம்புக்கழுத்தி ஆறு தாண்டிய கதை

வாசலில் நின்று "மீட்டர்" என்று அவர் குரல் கொடுத்ததும், உள்ளேயிருந்து ஒருவர் இன்னொருவரிடம், "ரீடிங் வந்திருக்கு, நாயைப் பிடி" என்பார். தண்ணி லாரி வந்திருக்கு, பேப்பர் வந்திருக்கு என்பதுபோல ரீடிங்கும் வரும், போகும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட்டைக் கணக்கெடுத்து வருகிற உத்தியோகம். வருஷக்கணக்காக ஒரே ஏரியா. குன்றின் அடிவாரத்துக் காலனியில் ஆரம்பித்து, செங்கல் சூளை, சந்தைத் தெரு என்று இறங்கி ஆற்றங்கரையில் முடியும். இத்தனை வாசலை மிதித்தவரின் பெயர் அந்த ஏரியாவில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால் தலையைச் சொறிவார்கள். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார். யாரிடம் சொல்லிக்கொள்வார் என்று கேட்காதீர்கள். சொல்ல ஆள் இல்லாததுதான் அவருடைய பிரச்சினையே.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவர் ஒருத்தர்தான். ஒரே மகள், கட்டிக்கொடுத்தது தூர தேசம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். நல்ல பெண், குறை சொல்லக் கூடாது. ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். "சாப்பிட்டியாப்பா?" "ஆச்சும்மா." தண்ணீர் கொட்டுகிற சத்தம். "மாத்திரை போட்டியா?" "போட்டேன்." மறுபடியும் தண்ணீர் சத்தம். "சரிப்பா, வெச்சிடறேன்." அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த துணி உட்காரும்.

மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனி உலகம். குளவி கூடு கட்டியிருக்கும், எறும்பு சாரை போகும், சிலந்தி தன் பாட்டுக்குக் குடித்தனம் நடத்தும். பல்லி இல்லாத பெட்டியைப் பார்ப்பது அபூர்வம். மூடியைத் தூக்கினால் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். அன்றைக்கு அடிவாரக் காலனியில், ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வீட்டுப் பெட்டியில் இருந்தது மட்டும் ஓடவில்லை. விரல் நீளம்தான் இருக்கும். சாம்பல் நிறம், தொண்டையில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டதுபோல ஒரு பட்டை. வாலை முதுகுக்கு மேலே சுருட்டி வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. அவரும் பார்த்தார். யூனிட்டைக் குறித்து முடித்து மறுபடி பார்த்தார், அது இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தது. நம்மை இவ்வளவு நேரம் யார் முகம் கொடுத்துப் பார்த்தார்கள் என்று அவருக்குத் தோன்றியது. போனை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

படத்தை மகளுக்கு அனுப்பினார். "சீ, இதை எதுக்குப்பா அனுப்புற" என்று பதில் வந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் விவரமானவர். பூச்சி, பறவை என்று படம் போட்டு விவாதிக்கிற ஒரு இணையக் குழுவில் அவர் இருந்தார். அங்கே அதைப் போட்டுவிட்டார். மறுநாள் நம் ஆள் சந்தைத் தெருவில் ஒரு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல்.

"சார், வணக்கம். நான் பல்லிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். அந்தப் படம் நீங்க எடுத்ததா? எங்க எடுத்தீங்க?"

"மீட்டர் பொட்டியில, மேடம்."

"எந்த மீட்டர் பொட்டியில?"

"டீச்சர் வீட்டு மீட்டர் பொட்டியில."

அவர் வேடிக்கைக்குச் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்த உலகமே அப்படித்தான் பிரிந்திருந்தது. அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பல்லிக்குச் செம்புக்கழுத்தி என்று பெயர். குன்றின் உச்சியில் இருக்கிற பெரும்பாறைகளில் மட்டும்தான் அது இருப்பதாக இதுவரை பதிவு. உலகத்தில் வேறெங்கும் ஒருவரும் பார்த்ததில்லை. அது அடிவாரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் இருக்கிறது என்றால், அதன் இருப்பிடம் எல்லோரும் நினைத்ததைவிடப் பெரியது.

"பாறை இடுக்குல வாழ்ற ஜீவன், அண்ணா" என்றார். இரண்டாவது அழைப்பிலேயே சார் போய் அண்ணா வந்துவிட்டது. "சுவத்துக்கும் மீட்டர் பலகைக்கும் நடுவுல இருக்குற சந்து அதுக்குப் பாறை இடுக்கு மாதிரிதான். கதகதப்பா இருக்கும், பூச்சியும் தேடி வரும்."

"வாடகை இல்லாத வீடுன்னு சொல்லுங்க."

"கரண்ட் பில்லும் இல்ல" என்று அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். தான் ஒரு வார்த்தை சொல்லி ஒருத்தர் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவர் அன்றைக்கெல்லாம் யோசித்தார். போனில் அந்த எண்ணுக்குப் 'பல்லி மேடம்' என்று பெயர் வைத்தார்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகிற மனிதரே வேறு. முன்பெல்லாம் பெட்டியைத் திறந்தால் எண்ணைப் பார்த்து மூடுவதோடு சரி. இப்போது டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பலகைக்குப் பின்னாலெல்லாம் எட்டிப் பார்த்தார். "என்ன ரீடிங், மீட்டர்ல கோளாறா?" என்று வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். செங்கல் சூளையில் கணக்குப்பிள்ளையின் அறைப் பெட்டியில் ஒன்று கிடைத்தது. சந்தைத் தெருவில், மூடிக்கிடந்த அச்சகத்தில் இரண்டு. கடைசியாக ஆற்றங்கரையில் தையல்காரர் வீட்டுப் பெட்டியில் ஒரு ஜோடி. ஒவ்வொரு தடவையும் படமும் இடத்தின் அடையாளமும் அனுப்புவார், மேடம் உடனே கூப்பிடுவார். வரைபடத்தில் புள்ளி மலையை விட்டு இறங்கி ஆற்றுக்கு வந்துவிட்டது என்பார். இப்படி வீட்டுச் சுவர் வழியாக ஒரு மலைப் பல்லி நடந்து வந்ததை எவரும் எழுதியதில்லை, கட்டுரையில் உங்கள் பெயரும் வரும் என்பார். பெயர் வருவது இருக்கட்டும், கூப்பிடுகிறாரே, அதிலேயே அவருக்குக் காது குளிர்ந்தது. பல்லிப் பேச்சு முடிந்தால், மேடம் மழை பெய்கிறதா என்று கேட்பார், முழங்கால் வலி எப்படி என்று கேட்பார். தனியாள்தான் தானும் என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வந்து எல்லாப் பெட்டியையும் நேரில் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். பாடம் எடுக்க வேண்டும், தேர்வுத்தாள் திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போகும்.

பிறகு அழைப்பு குறைந்தது. கட்டுரை எழுதுகிறேன் என்று ஒரு நாள் செய்தி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"எல்லாம் முடிஞ்ச மாதிரிதான், அண்ணா. ஆத்தோட அதுக்கு எல்லை. தண்ணியைத் தாண்டாது. அந்தப் பக்கம் ஒண்ணு கிடைச்சா மட்டும் சொல்லுங்க, எல்லாத்தையும் போட்டுட்டு அடுத்த வண்டியைப் புடிச்சு ஓடி வந்துடுறேன்" என்று சிரித்தார் மேடம். விளையாட்டாகச் சொன்னதுதான். கேட்டவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடுமுறை நாட்களில் பாலத்தைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கம் வேறொருத்தருடைய ஏரியா. அடையாள அட்டை கழுத்தில் தொங்கியதால் யாரும் தடுக்கவில்லை. பெட்டி பெட்டியாகத் தேடினார். சாதாரணப் பல்லிதான் ஓடியது. ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் அவர் செய்ததற்கு நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. செய்தது தப்பு, செய்யும்போதே அவருக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். தையல்காரர் வீட்டு ஜோடியில் சின்னதைப் பஞ்சைப் பிடிப்பதுபோல் மெதுவாகப் பிடித்து உள்ளே விட்டார். ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டும்போது, பள்ளத்தில் விழுந்து அதற்கு வலிக்கக் கூடாதென்று ஓரமாக, உருட்டிக்கொண்டு போவதைப்போலப் போனார். அந்தக் கரையில் வெளிநாட்டுக்குப் போய்விட்ட யாருடைய வீடோ பூட்டிக் கிடந்தது. வெளிச்சுவரில் மீட்டர். பெட்டியைத் திறந்து டப்பாவைச் சாய்த்தார். அது இறங்கி, பலகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, திருதிருவென்று விழித்தது. படம் எடுத்து அனுப்பினார். மூடியை மூடுவதற்குள் போன் அடித்தது.

"அண்ணா, இது அந்தக் கரையா? நல்லாத் தெரியுமா?"

"பாலத்தைத் தாண்டித்தான், மேடம்."

"நான் வர்றேன்" என்றார் மேடம். குரல் ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷம்தான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

வருவதற்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது நாற்காலியிலிருந்த துணியை இறக்கினார். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தார். புதுத் துண்டு வாங்கினார், புதுக் கோப்பை வாங்கினார். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபோதுதான், அந்தச் சுவர் நீல நிறம் என்பதே ஞாபகம் வந்தது. குற்ற உணர்ச்சி எட்டிப் பார்க்காமல் இல்லை. ஒரு பல்லிதானே, யார் குடி முழுகிவிடப் போகிறது என்று அதன் வாயை அடைத்தார்.

மேடம் காலை ரயிலில் வந்து இறங்கினார். குரலை வைத்து இளவயது என்று இவர் போட்ட கணக்கு தப்பு. இவர் வயதுதான் இருக்கும். கிராப்புத் தலை, தேய்ந்த காலணி, முதுகில் ஒரு பெரிய பை. "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து முட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அந்த நாற்காலியில் ஒரு மனிதப் பிறவி உட்கார்ந்திருப்பதை அவர் அடுப்படியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

முதலில் இந்தக் கரைப் பெட்டிகளையெல்லாம் பார்த்துவிடலாம் என்றார் மேடம். சுற்றிவந்தார்கள். டீச்சர் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். "ரீடிங் சார், இவங்க யாரு?" என்று கேட்டார்கள். ரீடிங் சார் ஆகிவிட்டார், கவனியுங்கள். "ஆராய்ச்சி பண்றவங்க. நம்ம ஏரியாவுல ஒரு அபூர்வப் பிராணி இருக்கு, அதைப் பாக்க வந்திருக்காங்க" என்றார். 'நம்ம' என்று சொல்லும்போது அவருக்கே குரல் கொஞ்சம் ஏறியது. சூளையில் கணக்குப்பிள்ளை நாற்காலியைத் தூக்கிப் போட்டார். பெட்டிக்குப் பெட்டி மேடம் மண்டியிட்டும் ஏணி ஏறியும் பார்த்தார், சின்னக் குழந்தைபோலச் சிரித்தார்.

தையல்காரர் வீட்டில்தான் வம்பு வந்தது. தையல்காரரின் மனைவி வாசலுக்கு வந்து, "ரெண்டு இருந்துச்சே, இப்ப ஒண்ணுதான் தெரியுது. சின்னதைக் காணோம்" என்றாள். ரீடிங் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். மேடம் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்மா" என்றார். அத்தோடு போயிற்று.

மதியம் வீட்டில் சாப்பாடு. இவர் சமைத்ததை மேடம் ரசித்து, இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்ணா, இந்த ஆத்தைப் பத்தி உங்ககிட்ட நான் சரியாச் சொன்னதில்ல. இந்த மாதிரிப் பல்லிங்க ஆத்தைத் தாண்டாது, ஆறுதான் அதுங்களைக் காலங்காலமாப் பிரிச்சு வெச்சிருக்குன்னு சொன்னது நான் ஒருத்திதான். என் வாத்தியாரே ஒத்துக்கல. கூட வேலை செஞ்சவங்க கூட்டத்துல வெச்சுக் கேலி பண்ணாங்க. ஆறு ஆறா, கரை கரையா நடந்தேன். கல்யாணம் காட்சின்னு எதையும் பாக்கல. கடைசியில எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க. இப்ப பசங்க பாடத்துலயே அது இருக்கு."

"நல்ல விஷயந்தானே, மேடம்."

"நல்ல விஷயமாத்தான் இருந்துச்சு, நீங்க படம் அனுப்புற வரைக்கும்." சிரித்தார், சிரிப்பு சரியாக வரவில்லை. "உங்க மேல வருத்தம் இல்லண்ணா. இருக்குறதை இருக்குன்னு காட்டுனீங்க. தப்புன்னா தப்புதான். நான் சொன்னது தப்புன்னு எழுதி வெச்சுட்டேன், திரும்பிப் போனதும் அனுப்பிடுவேன். வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும் இல்லையா? ரயில்ல கொஞ்சம் அழுதேன். இங்க வந்து உங்க கையால சாப்பிட்டதும் தெம்பாயிடுச்சு."

நம் ஆள் முகத்தில் ஈயாடவில்லை. யார் குடி முழுகிவிடும் என்று கேட்டாரே, குடி எதிரே உட்கார்ந்து புதுத் துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் இந்த நாற்காலி மறுபடி துணிக்குத்தான். "இன்னும் கொஞ்சம் டீ போடட்டுமா?" என்று கேட்டார். போட்டார். மேடம் குடிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டி அந்தப் பூட்டிய வீட்டுக்குப் போனார்கள். போய்விட்டிருக்க வேண்டும், எங்காவது ஓடித் தொலைந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டார். மேடம் மூடியைத் திறந்தார். விட்ட இடத்திலேயே இருந்தது. கண் காணாத ஊரில் இறக்கிவிட்ட ஆள்போல, ஒரு மூலையில் வாலைச் சுருட்டிக்கொண்டு, கொஞ்சம் இளைத்துப்போய். மேடம் வெகு நேரம் அதைப் பார்த்தார். பிறகு அதனிடமே, "வந்துட்டியா, சரி" என்றார். ஒருத்தர் தன் வாழ்நாளை மூட்டை கட்டி இறக்கி வைக்கிற சத்தம் அந்த 'சரி'யில் இருந்தது.

"அது வரல, மேடம்" என்றார் இவர்.

மேடம் திரும்பினார்.

"நான்தான் கொண்டாந்து விட்டேன். தையல்காரர் வீட்டுச் சின்னது அதுதான். டப்பாவுல வெச்சு எடுத்துட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க வருவீங்கன்னு."

மேடம் திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட இவருக்கு ஆறியிருக்கும். அவர் பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார், அந்தச் சின்னதை ஒரே அசைவில் பிடித்து உள்ளே விட்டார், வாயைச் சுருக்கிக் கட்டினார். "வாங்க, திருப்பி விட்டுடலாம்" என்றார். ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டும்போது மேடம் துணிப்பையை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். தையல்காரர் வீட்டுப் பெட்டியில் விட்டதும், அது பெரியதின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "அட, வந்துடுச்சே" என்று தையல்காரரின் மனைவி சந்தோஷப்பட்டாள்.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி மேடம் இறங்கினார். பாக்கி தூரத்தை நடந்து போய்க்கொள்வதாகச் சொன்னார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். நீங்க அனுப்பினது எல்லாத்தையும் நான் கட்டுரையிலேருந்து எடுக்கணும்."

"அந்தக் கரை ஒண்ணுதானே பொய், மேடம். மத்ததெல்லாம் நிஜம். இன்னிக்கு நீங்களே உங்க கண்ணால பாத்தீங்களே."

"பாத்தேன். நம்புறேன். நான் நம்பி என்ன ஆகப்போகுது?" மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "அந்த மலை உச்சிக்கு நீங்க ஒரு மணி நேரத்துல ஏறி இறங்கிடலாம். இனிமே டீச்சர் வீட்டுல நூறு பல்லி இருந்தாலும், அது தானா எறங்கி வந்துச்சா, நீங்க டப்பாவுல கொண்டாந்து விட்டீங்களான்னு ஒருத்தர் கேட்டா, எனக்குப் பதில் கிடையாது. ரத்தத்தைச் சோதிச்சாலும் தெரியாது, எல்லாம் ஒரே மலைக் குடும்பம். ஒரு தடவை எடுத்து விட்ட கைன்னு தெரிஞ்சுட்டா, அந்தக் கை பட்ட எதையும் சேக்க முடியாது. எங்க தொழில் அப்படி."

"நீங்க சொன்னது தப்புன்னு எழுதி வெச்சது?"

"அது அனுப்பல இல்ல, தப்பிச்சுது. நல்லவேளை சொன்னீங்க." அதை மனசாரத்தான் சொன்னார். "உடம்பைப் பாத்துக்குங்க, அண்ணா." நடந்து போனார். தேய்ந்த காலணி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது, திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். "அந்த மேடம் வந்தாங்களாப்பா?"

"வந்தாங்க. சாப்பிட்டாங்க."

"பரவாயில்லையே" என்றாள் மகள். தண்ணீர் சத்தம் கேட்டது.

கட்டுரை வெளியாகி, மாப்பிள்ளை அதைத் தேடிப் பிடித்து அனுப்பினார். இவருக்குப் படிக்கத் தெரியாத மொழி. வரைபடம் மட்டும் புரிந்தது. மலை உச்சியில் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக இருந்தன, ஏற்கெனவே இருந்தவை. கீழே ஆறு வரைக்கும் வெறும் வெள்ளை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். டீச்சர் வீடு, சூளை, அச்சகம், தையல்காரர் வீடு எல்லாம் அந்த வெள்ளைக்குள்தான் எங்கேயோ இருந்தன. அவருடைய வீடும். அன்றைக்கு அவர் அழுதார். வெட்டி முறிக்கிற வேலை ஒன்றும் இல்லாததால் நிறைய நேரம் அழுதார்.

வேலை என்னவோ நிற்கவில்லை. "ரீடிங் வந்திருக்கு" என்றார்கள், நாயைப் பிடித்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு தடவை, "அந்தம்மா மறுபடி வரலையா?" என்று கேட்டார். வேலை அதிகமாம் என்று சொல்லி வைத்தார். செம்புக்கழுத்திகள் அந்தந்தப் பெட்டியில் இருந்தன. அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மற்ற பக்கம் பார்க்காமல் மூடினார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள். சொந்த வீட்டு மீட்டரையும் அவர்தான் குறிக்க வேண்டும், வேறு யார் குறிப்பார்கள். சாவகாசமாகக் கடைசியில்தான் குறிப்பார். மூடியைத் தூக்கினார். பலகைக்கு மேலே ஒன்று உட்கார்ந்திருந்தது. குட்டி. தொண்டையில் பட்டை இன்னும் சரியாகச் செம்பேறவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது.

இவர் கொண்டுவரவில்லை. மலையில் ஏறவில்லை, டப்பாவைத் தொடவில்லை. எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்கு ஏறி, எத்தனை சந்து கடந்து, இத்தனை வீடு இருக்க இந்த வீட்டைத் தேடி வந்ததோ. போனை எடுத்தார். படம் எடுத்தார். அனுப்பத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டார். மேடம் எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தார். எடுத்தார்.

"மேடம், என் வீட்டு மீட்டர் பொட்டியில ஒண்ணு வந்திருக்கு. குட்டி. தானாத்தான் வந்துச்சு. சத்தியமா."



"சந்தோஷம், அண்ணா" என்றார் மேடம். அன்பாகத்தான் சொன்னார். "முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?"

"தேவலை."

"மாத்திரையை விடாமப் போடுங்க. வகுப்பு இருக்கு, வெச்சிடட்டுமா?"

"சரி, மேடம்."

படம் அனுப்பச் சொல்வார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தார். அது எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.